பதினெட்டுப் பெட்டிகள் திரும்பி வருகின்றன

மார்ச் 2

அருமைச் சுண்டெலிக்கு,

மாமா எழுதுவது. நானும் என் இரண்டு முழங்கால்களும் இந்த நிமிடம் வரை ஒற்றுமையாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டில் தங்கியிருக்கும் பிரமுகரும் சுகமா?

பிரமுகர் என்றால் உன் அத்தைதான். அவள் சுற்றுப்பயணத்தில் இருப்பதாக இங்கே அறிவித்திருக்கிறேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார் கீழ்வீட்டுப் பல் டாக்டர். "நாலு பக்கமும்" என்றேன்.

நடந்ததை அவள் வாயால் கேட்டிருப்பாய். இப்போது ஒரு நடுநிலையான வாயால் கேள். பேருந்துப் பயணிகள் நலச் சங்கத்தை ஆயுட்காலப் பொதுச்செயலாளராக நான் கட்டியாண்ட முப்பத்தைந்து வருடத்தில் சேர்ந்த காகிதம் முதலில் பின்னறையை நிரப்பியது. பிறகு கூடத்துக்கு வந்தது. கூடத்திலிருந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் புகுந்து கட்டிலையே தூக்கிவிட்டது. நாங்கள் ஏணி வைத்து ஏறித் தூங்கினோம். மேகம் முகத்தில் உரசிக்கொண்டு போகும். இதற்கெல்லாம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மாதம் ஒரு பெட்டியை, ஒரே ஒரு பெட்டியை, அவளுடைய தையல் மெஷின் மேல் வைத்தேன். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தவில்லை. "இந்த வீட்டுல நான் உட்கார ஒரு இடம் காட்டுங்க பார்ப்போம்" என்றாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். "தேடிக்கிட்டே இருங்க. அந்தப் பின்னறை காலியானா சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ வேலை பார்க்கும் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்கு என் இருபத்தேழு பெட்டிகளையும் தானமாக வழங்குகிறேன். இது மனித குலத்துக்காகச் செய்வது. பெண்டாட்டிக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசிப் பேச்சுக்கு நகல் ஏது, பெண்ணே?

உன் புகழ் ஓங்குக,
மாமா
ஆயுட்காலப் பொதுச்செயலாளர், பே. ப. ந. ச.

*

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே இருவரும் சுகம். முழங்காலுக்கு டாக்டர் கொடுத்த பட்டையைக் கட்டுகிறீர்களா, அல்லது அதையும் கோப்பில் வைத்துவிட்டீர்களா?

எங்கள் இயக்குநரிடம் பேசினேன். நகரப் போக்குவரத்தை ஆராய்கிறவர்கள் அடிக்கடி வருகிறார்கள். பயணிகள் தரப்பிலிருந்து அவர்களுக்குக் காட்ட எங்களிடம் ஒன்றுமே இல்லை. உங்கள் பெட்டிகளை வாங்கிக்கொள்ள அவருக்குச் சம்மதம்.

இரண்டு விஷயம். அடுக்கிக் கொடுக்கிறேன் என்று எதையும் இடம் மாற்றாதீர்கள். எது எதோடு கிடந்தது என்பதே எங்களுக்கு ஒரு தகவல். இன்னொன்று, சங்கத்தின் பதிவுகள் வேறு, உங்கள் சொந்தக் காகிதங்கள் வேறு. அதை நான் இங்கே பிரிப்பேன். எதை வைத்துக்கொள்வது என்று மதிப்பீட்டுக் குழு முடிவு செய்யும். கொடைப் பத்திரத்தை இதோடு அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாற்றம் ஏதாவது வேண்டுமென்றால் முதலில் என்னிடம் கேளுங்கள்.

அத்தை காலையில் நடக்கப் போகிறார், மாலையில் என் புத்தகங்களைப் படிக்கிறார். உங்களைப் பற்றி நானாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார். அவராகக் கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மருமகள்

*

மார்ச் 20

சுண்டெலிக்கு,

ஆசிகள். என் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் இருவர் சுகத்தையும் எழுது, ஒருவருடையதைக் கொஞ்சம் விரிவாக.

பெட்டிகள் இன்று காலை லாரி ஏறின. ஊரே திரண்டு வழியனுப்பியது. ஊர் என்றால் பல் டாக்டரும், வாயில் பஞ்சோடு அவருடைய நோயாளி ஒருவரும். சுமை தூக்க வந்த ஆள், "என்ன சார் உள்ளே, இரும்பா?" என்றான். "வரலாறு" என்றேன். "அப்போ கூலி கூட ஆகும் சார்" என்றான். அறிவாளி.

உங்கள் கொடைப் பத்திரத்தின் ஐந்தாவது பிரிவு என்னை ஆழமாகப் புண்படுத்தியது. "தேவையற்ற தாள்களைக் காப்பகம் தன் விருப்பப்படி அகற்றலாம்." என் தாளில் தேவையற்றது! சிவப்பு மையால் ஒரே அடி. அந்த இடத்தில் பின்வரும் வாசகத்தை என் கையால் பொறித்தேன்: "ஒரு துண்டுத் தாள்கூட அழிக்கப்படலாகாது. காப்பகம் தன் அறியாமையால் வேண்டாமென்று கருதுபவை யாவும் கொடையாளரின் இல்லத்துக்கே உரிய மரியாதையுடன் திருப்பியனுப்பப்பட வேண்டும்." நேரே உங்கள் இயக்குநருக்கே அனுப்பினேன். ஏற்று முத்திரையும் வைத்துவிட்டார். உன்னிடம் கேட்கச் சொல்லியிருந்தாய். கேட்டால் வேண்டாம் என்பாய். எதற்கு உனக்குச் சிரமம்?

பின்னறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. மறந்தே போயிருந்தேன்.

உன் புகழ் ஓங்குக,
மாமா
ஆ. பொ. செ., பே. ப. ந. ச.

*

ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சுகம், உங்கள் சுகத்தை எழுதவும். ஒருவருடையதை விரிவாகக் கேட்டிருந்தீர்கள்: அத்தைக்குச் சளி பிடித்தது, இரண்டே நாளில் சரியாகிவிட்டது.

பூச்சி சாவதற்காகப் பெட்டிகளை முதலில் உறைகுளிர் அறையில் வைத்தோம். வெளியே எடுத்துச் செத்த பூச்சிகளைக் கொட்டியபோது இயக்குநர் எட்டிப் பார்த்தார். "உங்க மாமா காகிதம் கொடுத்தாரா, கால்நடை கொடுத்தாரா?" என்றார். இப்போது துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு தாளுக்கு மூன்று குத்தியிருக்கிறீர்கள்.

பிரிப்பது லேசாக இல்லை. ஒரு வருடத்து ஆண்டுக் கூட்டத் தீர்மானங்கள் முழுவதும் உங்கள் முழங்கால் எக்ஸ்ரே உறையின் மேல் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே தாளில் இரண்டும் இருந்தால் அது சங்கத்தோடு போகும் என்பது எங்கள் வழக்கம். ஆகவே உங்கள் முழங்கால் இங்கே நிரந்தரமாக இருக்கும்.

ஐந்தாவது பிரிவைப் பார்த்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை.

ஜன்னல் விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். "கிழக்குப் பார்த்த ஜன்னல். காலையில வெளிச்சம் அப்படி வரும்" என்றார்.

அன்புடன்,
மருமகள்

*

ஏப்ரல் 28

சுண்டெலிக்கு,

மாமாவின் ஆசிகள். நான் ஆரோக்கியம், அங்கே சளி முழுவதும் போயிற்றா? இரண்டு நாள் என்பது அவள் கணக்கா, உன் கணக்கா?

வரலாறு இனி உங்கள் பொறுப்பு. நான் கட்டடக் கலையில் இறங்கிவிட்டேன். பின்னறைக்கு வெண்ணெய் நிறத்தில் சாயம் அடித்தேன். நானே அடித்தேன். பாதி சுவரில், பாதி என் மேல். மூன்று நாள் சுவரும் நானும் பிரித்தறிய முடியாமல் இருந்தோம். பல் டாக்டர் வந்து சுவரிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டு எண்ணெய் விட்டேன். ஒரு நாற்காலியும் வாங்கினேன். கடைக்காரன் பத்துப் பதினைந்து காட்டினான். எதிலும் பெட்டி வைத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? காலி அட்டைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் வைத்து, எதிலிருந்து அது சறுக்கி விழுந்ததோ அதை எடுத்தேன். அதில் மனிதர்கள் மட்டுமே உட்கார முடியும்.

அறை காலி. இதை அரசாணையாகக் கருதி உரியவரிடம் சேர்ப்பிக்கவும்.

உன் புகழ் ஓங்குக,
மாமா
ஆ. பொ. செ.

*

மே 25

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சளி போய்விட்டது. நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், மதிப்பீட்டுக் குழு நேற்றுதான் கூடியது.

நல்ல செய்தி முதலில். ஒன்பது பெட்டிகள், அதாவது மனுக்கள், அவற்றுக்கு வந்த பதில்கள், கூட்டக் குறிப்புகள், பயணிகளின் புகார்கள் எல்லாம், "பேருந்துப் பயணிகள் நலச் சங்கப் பதிவுகள்" என்ற பெயரில் இங்கே இருக்கும். ஒரு பேருந்து நிறுத்தத்தை நாற்பது அடி தள்ளி அமைக்க நீங்கள் பதினொரு வருடம் எழுதியதைக் குழுவில் ஒருவர் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். "ஓர் ஆய்வுப் பட்டத்துக்கு இது போதும்" என்றார்.

மீதி பதினெட்டும் உங்கள் சொந்தக் காகிதங்கள். யாரும் கேட்காத சொற்பொழிவுகள். சுயசரிதையின் முதல் அத்தியாயம், விதவிதமாக, ஒன்றரைப் பெட்டி. மழையைக் கண்டித்து வானிலை நிலையத்துக்கு எழுதியவை. குழு வேண்டாம் என்றது. நீங்கள் எழுதிய ஐந்தாவது பிரிவின்படி அவை உங்கள் இல்லத்துக்கே வர வேண்டும். உரிய மரியாதையுடன்.

உங்கள் அரசாணையை அன்றே சேர்ப்பித்தேன். அத்தை போன வாரமே பையைக் கட்டி வைத்திருந்தார். குழுவின் முடிவு தெரிந்தபின் போகட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். இன்று காலை விஷயத்தைச் சொன்னேன். "அப்போ லாரி முதல்ல போகட்டும். நான் இங்கேயே இருக்கேன்" என்றார். துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

அன்புடன்,
மருமகள்

*

மே 29

சுண்டெலிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் சுகமா?

ஒரு எளிய வழி இருக்கிறது. பதினெட்டும் சங்கத்தைச் சேர்ந்தவைதான் என்று நீ ஒரு வரி எழுதிவிடு. நான் வேறு, சங்கம் வேறா? சங்கத்துக்கு ஜலதோஷம் பிடித்தால் தும்மியது யார்? மழையைக் கண்டித்ததும் பயணிகள் நனைந்ததால்தானே!

எங்கள் முன்னாள் பொருளாளர் வீட்டில் கார் இல்லாத கார் கொட்டகை ஒன்று இருக்கிறது. நேரில் போய்க் கேட்டேன். "உங்க வீட்டம்மா போன மாதிரி என் வீட்டம்மாவும் போகணுமாண்ணே?" என்றான். என்னை அண்ணன் என்று அழைத்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னான். பல் டாக்டரிடம் கேட்டேன். வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவர், தன் வாயைத் திறக்கவில்லை.

லாரி வழியில் பழுதாகிவிட்டது என்று அவளிடம் சொல்லேன். நிரந்தரமாக.

மாமா
ஆ. பொ. செ.

*

ஜூன் 7

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சுகம்.

சங்கத்தினுடையது என்று எழுத மாட்டேன். எழுதினால் என் வேலை போகும். போகாவிட்டாலும் எழுத மாட்டேன். நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் நான் எழுதியதை நம்பித்தான் திறப்பார். அத்தையிடம் லாரியைப் பற்றிப் பொய்யும் சொல்ல மாட்டேன்.

இரண்டு வழிதான் இருக்கிறது. பெட்டிகளை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஐந்தாவது பிரிவை நீங்களே ரத்து செய்து, பதினெட்டையும் அழிக்கச் சம்மதம் எழுதித் தரலாம். ஆகஸ்ட் முடிவுக்குள் சொல்லுங்கள், இங்கே இடமில்லை. எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அத்தை வியாழக்கிழமை காப்பகத்துக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. மற்ற வாசகர்களைப் போலப் பையை வெளியில் வைத்தார், பேனாவைக் கொடுத்துவிட்டுப் பென்சில் வாங்கிக்கொண்டார், பதினெட்டில் ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி வாசிப்பு அறையில் உட்கார்ந்தார். மூடும் நேரம் வரை படித்தார். எந்தப் பெட்டி என்று கேட்பீர்கள். வாசகர் எதைப் பார்த்தார் என்பதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. கொடையாளரிடமும் சொல்வதில்லை.

அன்புடன்,
மருமகள்

*

ஜூலை 30

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பல் டாக்டருக்குத் தொலைபேசினேன். தினமும் நடக்கப் போகிறீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் பேச்சுதான் குறைந்துவிட்டது என்றார். "ஒரு விதத்துல நல்லதுதாம்மா, ஆனா பயமா இருக்கு" என்றும் சொன்னார்.

கெடு ஆகஸ்ட் முடிவு. நினைவூட்டுவது என் வேலை.

தபால்காரர் வரும் நேரத்தில் அத்தை வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
மருமகள்

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதங்கள் வந்தன. உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பல வரைவுகள் எழுதினேன். எல்லாவற்றையும் கிழித்தேன். கிழித்துப் பழகிப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்.

சம்மதப் பத்திரம் இதோடு இருக்கிறது. ஐந்தாவது பிரிவை ரத்து செய்கிறேன். திருத்தம் எதுவும் செய்யாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; உங்கள் இயக்குநர் சந்தேகப்பட்டால் கையெழுத்து என்னுடையதுதான் என்று சொல்.

"ஒன்றிரண்டை எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்பாய். வேண்டாம். ஒன்றை எடுத்தால் மற்றவை வரிசை கட்டி வந்து நிற்கும். அவற்றின் குணம் எனக்குத் தெரியும்.

அவள் எந்தப் பெட்டியைப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

அழிக்கும்போது நீ பக்கத்தில் இரு. அந்நியர்கள் மத்தியில் அவை சங்கடப்படும்.

லாரி வராது என்று மட்டும் அவளிடம் சொல். அவளை வரச் சொன்னேன் என்று சொல்லாதே.

மாமா

*

செப்டம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். சுகம். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா?

முடிந்துவிட்டது. கிழிக்கும் இயந்திரம் அடித்தளத்தில் இருக்கிறது. காலையில் ஆரம்பித்து மதியத்துக்கு மேல் ஆனது. முழுக்கப் பக்கத்தில் நின்றேன். ஊழியர்கள் இரண்டு பேர். நடுவில் ஒருவர் ஒரு தாளைப் படித்துச் சிரித்தார். மற்றவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அது மழையைப் பற்றியது. பிறகு அதையும் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன்.

"பதினெட்டுமா?"

"பதினெட்டும்."

"அவராவே எழுதிக் கொடுத்தாரா? நீ மிரட்டலையே?"

"இல்லை அத்தை."

"பாவி மனுஷன், ஒண்ணையாவது வெச்சுக்கிட்டிருக்கலாம்" என்றார். யாரைத் திட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என் பக்கம் பார்த்துத்தான் சொன்னார். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். உள்ளேயிருந்தே, "சனிக்கிழமை காலையில எத்தனை மணிக்குப் பஸ்?" என்று கேட்டார்.

பேருந்து நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாமாம். வண்டி தாமதமானால் அங்கேயே நின்று மனு எழுத ஆரம்பித்துவிடுவீர்களாம். அதற்கு ஒரு பெட்டி, அதை வைக்க ஓர் அறை.

அன்புடன்,
மருமகள்

*

செப்டம்பர் 24

அன்புள்ள சுண்டெலிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். 'இருவரும்' என்று எழுதி ரொம்ப நாளாயிற்று. இன்னொரு தடவை எழுதுகிறேன், இருவரும் சுகம். உன் சுகத்தையும், குண்டூசி பிடுங்கிய உன் விரல்களின் சுகத்தையும் எழுது.

உன் அத்தை வந்ததும் பின்னறைக்குள் போனாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். "இந்த மூலையில அடிக்கவே இல்லையே" என்றாள். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். "என்ன வேணும்?" என்று கேட்டாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. முப்பத்தைந்து வருடம் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி, மழை, வெயில் எதற்கும் பதில் வைத்திருந்த ஆள் நான்.

மறுநாள் தச்சரை வரவழைத்து அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டாள். இப்போது சாப்பாட்டுக்கு மேல் உள்ளே போய்விடுகிறாள். சில சமயம் மெஷின் ஓடுகிறது. சில சமயம் ஒரு சத்தமும் இல்லை. ஓடும்போது நிம்மதியாக இருக்கிறது. ஓடாதபோது அந்த அறை இந்த நாட்டைவிடப் பெரிதாகி, எல்லைக்காவல் போட்டு, வெளிநாடாகிவிடுகிறது. உள்ளே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. காப்பகத்தில் எதைப் படித்தாள் என்பதும் தெரியாது. இரண்டையும் கேட்கவில்லை.

நான் இதைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நகல் எடுக்கவில்லை.

நேற்று கதவைத் தட்டினேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை, சும்மாதான்."

"சும்மான்னா அப்புறம் வாங்க."

திரும்பி வந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன். அப்புறம் போனேன்.

மாமா